முன்சிறுகுடல் பாலிப்புக்கு மாத்திரை: ஆய்வுகள் சொன்னது எதுவரை?

ஏற்காட்டிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவருடைய அண்ணனுக்கு 34 வயது, காபித் தோட்டத்தில் மேஸ்திரி வேலை. பெருங்குடல் முழுக்க நூற்றுக்கணக்கில் பாலிப்புகள் (உள்சுவரில் முளைக்கும் சிறு சதை வளர்ச்சிகள்) இருந்ததால் 25 வயதிலேயே பெருங்குடலை எடுத்துவிட்டார்கள். இவர்களின் அப்பா நாற்பதைத் தாண்டியதுமே குடல் புற்றுநோயில் இறந்தவர். இப்போது சேலத்தில் செய்த எண்டோஸ்கோபியில் அண்ணனின் முன்சிறுகுடலிலும் பாலிப்புகள் தெரிகின்றன. ரிப்போர்ட்டில் "ஸ்பிகெல்மன் நிலை 3" என்று இருக்கிறது. அமெரிக்காவில் மாத்திரை கொடுத்தே இதைச் சுருக்கிவிட்டார்கள் என்று உறவுக்காரர் ஒருவர் சொல்லியிருக்கிறார். "அந்த மாத்திரையை இங்கேயே வாங்கிக் கொடுக்கலாமா? ஆய்வு ஏதாவது நடந்தால் சேர்க்கலாமா? எனக்கும் என் பிள்ளைகளுக்கும் இது வருமா?" இவைதான் அவருடைய கேள்விகள்.

முதலில் நேரான பதில். அந்த மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். முறையாக நடக்கும் ஆய்வில் இடம் கிடைத்தால் யோசித்துச் சேரலாம். ஆனால் எந்த மாத்திரையும் எந்த ஆய்வும் எண்டோஸ்கோபிக்கு மாற்று ஆகாது. அண்ணனின் அடுத்த எண்டோஸ்கோபி தேதி எதற்காகவும் தள்ளிப்போகக் கூடாது. ஆய்வுகளைப் பற்றி அரைகுறையாகக் கேள்விப்பட்டு, ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த கண்காணிப்பை நிறுத்திவிட்ட குடும்பங்களைச் சேலத்தில் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

உங்கள் அண்ணனுக்கு இருப்பது, நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், எஃப்.ஏ.பி. என்று மருத்துவர்கள் சுருக்கமாகச் சொல்லும் பரம்பரை நோய். சுமார் 10,000 பிறப்புகளில் ஒருவருக்கு வருவது. ஐந்தாவது குரோமோசோமில் ஏ.பி.சி. என்றொரு மரபணு இருக்கிறது. 1991-ல் அதைக் கண்டுபிடித்தார்கள். குடலின் உள்சுவரில் செல்கள் அளவுக்கு மீறிப் பெருகாமல் அடக்கி வைப்பது அதன் வேலை. அதில் பிறவியிலேயே ஒரு பிழை இருந்தால், பதின்ம வயதிலிருந்தே பெருங்குடலில் பாலிப்புகள் முளைக்கத் தொடங்கும். அப்படியே விட்டால் நாற்பது வயதையொட்டி அநேகமாக எல்லோருக்குமே பெருங்குடல் புற்றுநோய் வந்துவிடும். அதனால்தான் இளம் வயதிலேயே பெருங்குடலை எடுக்கிறார்கள். உங்கள் அண்ணனுக்கு அன்றைக்குச் செய்தது சரியான வைத்தியம். அதுதான் அவரை அப்பாவின் வயதைத் தாண்டியும் கொண்டுபோகப் போகிறது.

ஆனால் பெருங்குடல் போனதும் நோய் முடிந்துவிடுவதில்லை. பிழையான மரபணு உடம்பின் எல்லாச் செல்களிலும் இருக்கிறது. அடுத்ததாக அது தன்னைக் காட்டும் இடம் இரைப்பையை விட்டு இறங்கியதும் வரும் முன்சிறுகுடல். டியோடினம் என்று ரிப்போர்ட்டில் போடுவார்கள். ஏறத்தாழ 25 செ.மீ. நீளம்தான். வட ஐரோப்பிய நாடுகளிலும் நெதர்லாந்திலும் 368 நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து 2004-ல் வெளியிட்ட ஆய்வில், 70 வயதுக்குள் 90 சதவீதம் பேருக்கு முன்சிறுகுடலில் அடினோமா வந்துவிடும் என்று கணக்கிட்டார்கள். அடினோமா என்றால் புற்றுநோய் அல்ல, புற்றுநோயாக மாறக்கூடிய பாலிப். அதே ஆய்வில் 57 வயதுக்குள் முன்சிறுகுடல் புற்றுநோய் வந்தவர்கள் 4.5 சதவீதம். இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே படியுங்கள். பாலிப் கிட்டத்தட்ட எல்லோருக்கும் வருகிறது, புற்றுநோய் சிலருக்குத்தான் வருகிறது. அந்தச் சிலர் யார் என்று முன்கூட்டியே கண்டுபிடிப்பதுதான் முப்பது வருடங்களுக்கும் மேலாக நடக்கும் ஆராய்ச்சியின் மையக் கேள்வி.

பாலிப்புகள் முன்சிறுகுடல் முழுக்க ஒரே சீராக முளைப்பதில்லை. பித்தநாளமும் கணைய நாளமும் வந்து திறக்கும் ஒரு சிறு மேடு இருக்கிறது, ஆம்புல்லா என்பார்கள். அதையும் அதைச் சுற்றியும்தான் அதிகம். பித்தநீர் அதிகம் படும் இடத்தில் பாலிப்பும் அதிகம் என்பதை லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனைக்காரர்கள் கவனித்தார்கள். பிழையான மரபணு போட்ட அடித்தளத்தின்மேல் பித்தநீரின் தாக்கமும் சேர்கிறது என்ற எண்ணம் அங்கிருந்து வந்தது. சரி, அப்படியானால் பித்தநீரின் தன்மையை மாற்றும் மருந்தைக் கொடுத்துப் பார்க்கலாமே என்று பிறகு முயன்றார்கள். செலிகாக்சிப் என்ற வலி மாத்திரையோடு அர்சோடியாக்சிகோலிக் அமிலம் என்ற பித்தநீர் மருந்தையும் சேர்த்துக் கொடுத்த ஒரு நெதர்லாந்து ஆய்வில், அந்தக் கூட்டு பலன் தரவில்லை. செலிகாக்சிப்பைத் தனியாக எடுத்தவர்களுக்குத்தான் பாலிப் கொஞ்சம் குறைந்தது. காகிதத்தில் பொருத்தமாகத் தெரியும் யோசனை உடம்புக்குள் போனதும் வேறு மாதிரி நடந்துகொள்ளும் என்பதற்கு இந்தத் துறையில் இப்படி நிறைய உதாரணங்கள் உண்டு.

ரிப்போர்ட்டில் இருக்கும் ஸ்பிகெல்மன் என்பது ஒரு மருத்துவரின் பெயர். 1989-ல் அவரும் செயின்ட் மார்க்ஸ் குழுவினரும் 102 நோயாளிகளின் மேல்குடலைப் பார்த்து, நான்கு விஷயங்களுக்கு மதிப்பெண் போடும் முறையைக் கொண்டுவந்தார்கள்: எத்தனை பாலிப், பெரியது எத்தனை மி.மீ., நுண்ணோக்கியில் அதன் அமைப்பு எப்படி, செல்கள் எவ்வளவு தூரம் மாறியிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3 வரை. கூட்டினால் 4 வரை முதல் நிலை, 5-6 இரண்டாம் நிலை, 7-8 மூன்றாம் நிலை, 9 முதல் 12 வரை நான்காம் நிலை. ஒருவருக்குப் பதினைந்து பாலிப் இருக்கிறது (2), பெரியது 8 மி.மீ. (2), அமைப்பு டியூபுலோவில்லஸ் எனும் நடுத்தர வகை (2), செல் மாற்றம் குறைந்த தரம் (1) என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 7, மூன்றாம் நிலை. உங்கள் அண்ணனின் கணக்கும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். இது புற்றுநோயின் நிலை அல்ல. "மூன்றாம் ஸ்டேஜ்" என்று கேட்டதும் வீட்டில் எல்லோரும் உடைந்துபோயிருப்பீர்கள் என்று தெரியும். புற்றுநோய்க்குச் சொல்லும் மூன்றாம் ஸ்டேஜுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தயவுசெய்து இதை அம்மாவிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.

இந்த மதிப்பெண்ணுக்கு உண்மையில் முன்கூட்டிச் சொல்லும் திறன் இருக்கிறதா என்று சோதித்தார்கள். அதே மருத்துவமனையில் 114 பேரைப் பத்து வருடம் தொடர்ந்து பார்த்து 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். தொடக்கத்தில் நான்காம் நிலையில் இருந்த 11 பேரில் 4 பேருக்குப் புற்றுநோய் வந்தது. அதற்குக் கீழே இருந்தவர்களில் மிகச் சிலருக்குத்தான். நான்காம் நிலை என்றால் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும், அறுவை சிகிச்சை நிபுணரையும் கலந்து பேச வேண்டும் என்ற வழக்கம் இதனால்தான் உறுதிப்பட்டது. மூன்றாம் நிலைக்கு 6 முதல் 12 மாதம், இரண்டாம் நிலைக்கு 1 முதல் 3 வருடம் என்பதும் இந்தத் தர்க்கத்தைப் பின்பற்றியதுதான்.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஆம்புல்லாவை ஸ்பிகெல்மன் கணக்கு தனியாகப் பார்ப்பதில்லை. மற்ற பாலிப்புகள் எல்லாம் சிறிதாக இருந்து ஆம்புல்லாவில் மட்டும் ஒன்று வளர்ந்துகொண்டிருந்தால் மொத்த மதிப்பெண் குறைவாகவே வரும். புற்றுநோய் வந்தவர்களில் பெரும்பாலானோர் அதற்கு முன்பு நான்காம் நிலையை எட்டியிருக்கவே இல்லை என்று அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக் மருத்துவமனைக் குழு 2019-ல் எழுதியது. ஆகவே அடுத்த எண்டோஸ்கோபியின்போது மருத்துவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: "ஆம்புல்லாவை நன்றாகப் பார்க்க முடிந்ததா?" சாதாரண எண்டோஸ்கோப் நேராகப் பார்ப்பது. ஆம்புல்லா பக்கவாட்டுச் சுவரில் இருக்கிறது. அதனால் பக்கவாட்டில் பார்க்கும் ஸ்கோப் வேண்டும், அல்லது சாதாரண ஸ்கோப்பின் நுனியில் தெளிவான பிளாஸ்டிக் மூடி மாட்டிப் பார்க்க வேண்டும். பித்தநாளக் கல் எடுக்கும் இ.ஆர்.சி.பி. செய்கிற இடம் எதுவானாலும் அங்கே பக்கவாட்டு ஸ்கோப் இருக்கும். சேலத்தில் அது கிடைக்காத விஷயமல்ல, கேட்டால் போதும். ரிப்போர்ட்டில் ஆம்புல்லாவைப் பற்றி ஒரு வரியும் இல்லை என்றால் அந்தச் சோதனையை முழுமையானதாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இனி மாத்திரைக்கு வருகிறேன்.

பாலிப் செல்களுக்குள் காக்ஸ்-2 என்ற நொதி கூடுதலாக இருக்கிறது. வலி மாத்திரைகள் சில அந்த நொதியை அடக்குபவை. அந்த வழியில் செலிகாக்சிப்பை முயன்றார்கள். பெருங்குடல் பாலிப்புகள் கால்வாசிக்குச் சற்று மேல் குறைந்ததாக 2000-ல் ஆய்வு வந்தது. 1999 இறுதியிலேயே அமெரிக்கா இந்த நோய்க்கு அதை அனுமதித்திருந்தது. முன்சிறுகுடலில் என்ன ஆகிறது என்று 83 பேரை வைத்துப் பார்த்த ஆய்வு 2002-ல் வந்தது. ஒரு நாளைக்கு இரண்டு வேளை, வேளைக்கு 400 மி.கி., 6 மாதம். எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் தெளிவான பலன் இல்லை. பாலிப் அதிகமாக இருந்தவர்களுக்கு மட்டும் பாதிப்புப் பரப்பு 31 சதவீதம் குறைந்தது, ஒப்பிடுவதற்காக மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 8 சதவீதம். பிறகு 2004-ல் வேறொரு பெரிய ஆய்வில் இதே மருந்து மாரடைப்பு, பக்கவாத ஆபத்தைக் கூட்டுவதாகத் தெரியவந்தது. எஃப்.ஏ.பி.-க்கான அமெரிக்க அனுமதியும் 2011-ல் திரும்பப் பெறப்பட்டது. அனுமதியைத் தக்கவைக்க வேண்டிய உறுதிப்படுத்தும் ஆய்வு முடிக்கப்படவே இல்லை.

உங்கள் உறவுக்காரர் சொன்னது அநேகமாக 2016-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த யூட்டா பல்கலைக்கழக ஆய்வாக இருக்கும். அது நேர்த்தியான ஆய்வு. ஏ.பி.சி. மரபணு பழுதானால் காக்ஸ்-2 மட்டுமல்ல, செல்லை வளரச் சொல்லித் தூண்டும் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற இன்னொரு பாதையும் திறந்துகொள்கிறது. ஒரு பாதையை மட்டும் அடைத்தால் போதாது, இரண்டையும் சேர்த்து அடைக்க வேண்டும் என்பது அவர்களின் எண்ணம். அதனால் சுலிண்டாக் என்ற வலி மாத்திரையோடு, நுரையீரல் புற்றுநோய்க்குக் கொடுக்கும் எர்லோடினிப்பையும் சேர்த்தார்கள். 92 பேர். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, பார்க்கும் மருத்துவருக்கும் தெரியாது. முன்சிறுகுடலில் 10 செ.மீ. நீளத்துக்குள் இருக்கும் பாலிப்புகளின் விட்டங்களைக் கூட்டி, 6 மாதம் கழித்து மறுபடி கூட்டினார்கள். மருந்து எடுத்தவர்களுக்கு அந்தக் கூட்டுத்தொகை குறைந்தது, மற்றவர்களுக்குக் கூடியது. இடைவெளி 19 மி.மீ. பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் கண்காணிப்புக் குழு ஆய்வை முன்கூட்டியே நிறுத்தியது. முன்சிறுகுடலைப் பொறுத்தவரை அதற்கு முன் எந்த மருந்தும் இவ்வளவு செய்ததில்லை. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கும் மனம் நிறைந்தது.

ஆனால் அந்த ஆய்வு அளந்தது என்ன? ஆறு மாதத்தில் பாலிப்புகளின் விட்டம். புற்றுநோய் குறைந்ததா, அறுவை சிகிச்சை தவிர்க்கப்பட்டதா, ஆயுள் கூடியதா என்று அது அளக்கவில்லை. 92 பேரை ஆறு மாதம் பார்த்தால் அதை அளக்கவும் முடியாது. கண்மாயில் ஆகாயத்தாமரையை வெட்டினால் தண்ணீர் தெளிந்ததுபோல் தெரியும், வேர் போய்விட்டதா என்று அடுத்த மழைக்குப் பிறகுதான் தெரியும். மருந்தை நிறுத்திய பிறகு பாலிப் திரும்ப வளருமா, சிறிய பாலிப் சுருங்கும்போது ஆபத்தான ஒன்று மட்டும் மருந்துக்கு மசியாமல் நிற்குமா என்பவைதான் நோயாளிக்கு முக்கியமான கேள்விகள்.

விட்டத்தை விட்டுவிட்டு நோயாளிக்கு நடப்பதையே அளந்த ஆய்வும் உண்டு. சுலிண்டாக்கோடு எஃப்லார்னிதின் என்ற மருந்தைச் சேர்த்து 171 பேரிடம் செய்து 2020-ல் வெளியிட்டார்கள். அறுவை சிகிச்சை தேவைப்படுவது, முன்சிறுகுடல் நிலை மோசமாவது போன்றவற்றைச் சேர்த்து "நோய் முற்றுதல்" என்று வரையறுத்து, வருடக்கணக்கில் பார்த்தார்கள். இரண்டு மருந்தும் எடுத்தவர்களில் 32 சதவீதம் பேருக்கு முற்றியது. சுலிண்டாக் மட்டும் எடுத்தவர்களில் 38, எஃப்லார்னிதின் மட்டும் எடுத்தவர்களில் 40. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடிய அளவுதான், எனவே பலன் நிரூபணமாகவில்லை. இப்படி முடிந்த ஆய்வைத் தோல்வி என்று ஒதுக்குவது எனக்கு உடன்பாடில்லை. என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையில் மிகச் சரியான கேள்வியைக் கேட்ட ஆய்வுகளில் அதுவும் ஒன்று.

எர்லோடினிப்பை நீங்களாக வாங்கக் கூடாது என்று ஏன் சொன்னேன்? இந்தியாவில் அது ஜெனரிக்காகவே கிடைக்கிறது, தெரிந்த மருந்துக்கடையில் கேட்டால் கிடைத்துவிடுமோ என்பதுதான் என் கவலை. யூட்டா ஆய்வில் மருந்து எடுத்தவர்களில் 87 சதவீதம் பேருக்கு முகத்திலும் மார்பிலும் பருப்போல் தடிப்பு வந்தது, வெற்று மாத்திரைக்காரர்களில் 20 சதவீதம். வெயில் பட்டால் அது இன்னும் மோசமாகும். நாள் முழுக்கத் தோட்டத்தில் நிற்பவர் உங்கள் அண்ணன். வயிற்றுப்போக்கும் வரும். பெருங்குடல் இல்லாதவருக்கு வயிற்றுப்போக்கு என்றால் உடம்பில் நீர்ச்சத்து வற்றிப்போக ஒரே நாள் போதும். இன்னொன்று, எர்லோடினிப் உடம்பில் சேர இரைப்பையில் அமிலம் வேண்டும். பேன்டாப்ரசோல் மாதிரி "கேஸ் மாத்திரை" தினமும் போடுகிறவருக்கு மருந்து சரியாகச் சேராது. புகைபிடிப்பவருக்கும் ரத்தத்தில் அதன் அளவு குறைந்துவிடும். கருவில் இருக்கும் குழந்தைக்கும் அது ஆபத்து. இதையெல்லாம் பார்த்துப் பார்த்து அளவை மாற்ற ஆய்வில் ஆட்கள் இருப்பார்கள், மருந்துக்கடையில் யார் இருக்கிறார்கள்? பக்கவிளைவு தாங்க முடியாமல் பலர் சிரமப்பட்டதால்தான் அதே ஆராய்ச்சியாளர்கள் பிறகு எர்லோடினிப்பை மட்டும் வாரத்துக்கு ஒரே நாள் 350 மி.கி. கொடுத்துப் பார்த்தார்கள். 46 பேர், 6 மாதம். பாலிப்பின் அளவு சுமார் 30 சதவீதம் குறைந்ததாக 2023-ல் எழுதினார்கள். நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் அதில் ஒப்பிட வெற்று மாத்திரைக் குழு இல்லை. அடுத்த கட்டம் பெரிய ஒப்பீட்டு ஆய்வாக இருக்க வேண்டும்.

மஞ்சளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கேட்காமலேயே. பக்கத்தில் ஈரோடு, நம் மாவட்டத்திலும் மஞ்சள் விளைகிறது, யாராவது ஒருவர் நிச்சயம் சொல்லியிருப்பார். மஞ்சளில் இருக்கும் குர்குமினை வெங்காயத்திலும் இருக்கும் குவர்செட்டினோடு சேர்த்து 5 பேருக்குக் கொடுத்து, பாலிப்புகள் பாதிக்கு மேல் குறைந்ததாக 2006-ல் ஒரு கட்டுரை வந்தது. அது உலகம் முழுக்கச் சுற்றியது. அதே ஆராய்ச்சியாளர் பிறகு 44 பேரை எடுத்து, வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டு, தினமும் 3,000 மி.கி. குர்குமினை ஒரு வருடம் கொடுத்துப் பார்த்தார். கீழ்க்குடல் பாலிப்புகளின் எண்ணிக்கையிலும் அளவிலும் எந்த வித்தியாசமும் இல்லை. 2018-ல் அதை மறைக்காமல் வெளியிட்டார். முதல் கட்டுரையைப் பேசுகிறவர்கள் இரண்டாவதைப் பேசுவதில்லை. குழம்பில் மஞ்சள் தாராளமாகப் போடுங்கள், அதை நம்பி எண்டோஸ்கோபியை விடாதீர்கள்.

ஆய்வில் சேரலாமா என்ற கேள்விக்கு என் பதில், சேரலாம், நாலு விஷயத்தைக் கேட்டுவிட்டு. இந்தியாவில் நடக்கும் மருந்து ஆய்வுகள் சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிவாக வேண்டும், 2009 முதல் இது கட்டாயம். அதன் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் தேடலாம். பதிவு எண் என்ன என்று கேளுங்கள், சொல்லத் தயங்கினால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். 2019-ல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளின்படி, நெறிமுறைக் குழு அனுமதி இல்லாமல் ஆய்வு நடத்த முடியாது. ஆய்வால் உடம்புக்குக் கெடுதல் வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும். ஒப்புதல் படிவம் அண்ணனுக்குப் புரியும் மொழியில், அதாவது தமிழில் இருக்க வேண்டும். அதை வீட்டுக்கு எடுத்துவந்து நிதானமாகப் படிக்க அவருக்கு உரிமை உண்டு. ஆய்வுக்காக மட்டும் செய்யும் சோதனைகளுக்கு நோயாளியிடம் பணம் கேட்கக் கூடாது. எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினால் வழக்கமான வைத்தியம் குறையக் கூடாது. இவை எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் கேட்கச் சொல்வது: "இந்த ஆய்வு எதை அளக்கப் போகிறது? முடிந்த பிறகு என் எண்டோஸ்கோபியை யார் பார்ப்பார்கள்?" வெற்று மாத்திரைப் பக்கம் விழ வாய்ப்பு உண்டு என்பதையும் அண்ணன் மனதில் ஏற்றுக்கொண்டே சேர வேண்டும். அப்படி விழுந்தாலும் நல்ல ஆய்வில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கைதேர்ந்தவர்கள் எண்டோஸ்கோபி செய்வார்கள், அது சின்ன லாபமல்ல.

இந்த நோய்க்கான ஆய்வுகள் எல்லாம் நூறு பேர், இருநூறு பேர் என்று சிறிதாகவே இருப்பதற்குக் காரணம் நோய் அரிது, குடும்பங்கள் சிதறிக் கிடக்கின்றன. செயின்ட் மார்க்ஸில் 1924-லேயே இந்தக் குடும்பங்களுக்கென்று பதிவேடு தொடங்கிவிட்டார்கள். ஸ்பிகெல்மன் 102 பேரை ஒரே இடத்தில் பார்க்க முடிந்தது அதனால்தான். வேலூர், சென்னை, புதுச்சேரி, சேலம் என்று தனித்தனியாக மருத்துவமனைகளில் கிடக்கும் நம் குடும்பங்களின் விவரங்களும் அப்படி ஓரிடத்தில் சேர வேண்டும் என்பது என் நீண்ட நாள் ஆசை. மலைக் கிராமங்களில் மூன்று தலைமுறை உறவை விரல் விட்டுச் சொல்லும் பாட்டிகள் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே யார் எந்த வயதில் எதனால் இறந்தார் என்று நோட்டில் எழுதி வையுங்கள். மருத்துவருக்கு அது ஸ்கேனுக்குச் சமம்.

இப்போதைக்கு அண்ணனுக்கு உண்மையான பலன் தரக்கூடியது எண்டோஸ்கோபி வழியாகவே பெரிய பாலிப்புகளை எடுப்பது. முன்சிறுகுடல் சுவர் மெலிது, ரத்த ஓட்டம் அதிகம், பித்தநீரும் கணைய நீரும் புண்ணின்மேல் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் இங்கே பாலிப் எடுப்பது பெருங்குடலில் எடுப்பதைவிட ஆபத்தானது, அனுபவம் உள்ளவர்தான் செய்ய வேண்டும். மின்சாரம் பாய்ச்சாமல் கம்பிச் சுருக்கால் மட்டும் வெட்டும் குளிர் முறை சிறிய பாலிப்புகளுக்கு இப்போது பரவலாகிவருகிறது, அதில் பிற்பாடு ரத்தம் கசியும் ஆபத்து குறைவு. எடுத்த நாள் நன்றாக இருந்து, ஓரிரு நாள் கழித்துக் கறுப்பாக மலம் போவது, தலைசுற்றுவது உண்டு. ஆகவே பாலிப் எடுத்த அன்றைக்கே 20 கொண்டை ஊசி வளைவையும் ஏறி வீட்டுக்குப் போக வேண்டாம். அஸ்தம்பட்டியிலோ சூரமங்கலத்திலோ சொந்தக்காரர் வீடு இருந்தால் இரண்டு மூன்று நாள் அங்கே தங்கட்டும். வெறுமனே பார்க்கும் எண்டோஸ்கோபிதான் என்றாலும், மயக்க ஊசி போட்டால் அன்று பைக் ஓட்டிக்கொண்டு மலையேறக் கூடாது, கூட ஒருவர் வர வேண்டும்.

காபிப் பழம் பறிக்கும் மாதங்களில் மலையிலிருந்து யாரும் இறங்கி வருவதில்லை, எனக்கு அது நன்றாகத் தெரியும். கூலியும் அப்போதுதான், மேஸ்திரிக்கு லீவும் கிடைக்காது. அதனால் அடுத்த தேதியை நிர்ணயிக்கும்போதே அறுவடைக்கு முன்பாக வரும்படி மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். ஒரு மாதம் முன்னதாகப் பார்ப்பதில் நஷ்டமில்லை. "பறிப்பு முடியட்டும்" என்று தள்ளினால் பிறகு மிளகு வரும், அப்புறம் கோவில் திருவிழா வரும், ஒரு வருடம் இரண்டாகிவிடும்.

குடும்பத்தில் இந்த நோய் இல்லாமல், வேறு எதற்கோ எண்டோஸ்கோபி செய்தபோது முன்சிறுகுடலில் ஒரே ஒரு பாலிப் தென்பட்டவர்களும் இதைப் படிக்கலாம். உங்கள் கணக்கு வேறு. முதலில் அது அடினோமாதானா என்று சதைப் பரிசோதனையில் தெரிய வேண்டும், அங்கே வரும் வளர்ச்சிகள் பல தீங்கற்றவை. அடினோமா என்றால் அதை எடுப்பதோடு, பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபியும் ஒருமுறை செய்துகொள்ளுங்கள், இவர்களுக்குப் பெருங்குடலிலும் பாலிப் இருக்கும் வாய்ப்பு கூடுதல்.

கடைசியாக, உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமா என்ற கேள்வி. அப்பாவுக்கும் அண்ணனுக்கும் இருப்பதால், உங்களுக்கு இருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி. ஆண், பெண் வித்தியாசம் கிடையாது. உங்களுக்கு இல்லையென்றால் உங்கள் வழியாகப் பிள்ளைகளுக்கும் போகாது. இதைத் தெரிந்துகொள்ள ஒழுங்கான வரிசை ஒன்று உண்டு: முதலில் அண்ணனின் ரத்தத்தில் மரபணுப் பரிசோதனை செய்து, எந்த இடத்தில் பிழை என்று கண்டுபிடிக்க வேண்டும். அது தெரிந்த பிறகு உங்களுக்கு அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும், செலவும் குறைவு, பதிலும் உறுதி. அண்ணனுக்குப் பார்க்காமல் உங்களுக்கு மட்டும் பார்த்து "இல்லை" என்று வந்தால் அந்த "இல்லை"யை நம்ப முடியாது.

ஏ.பி.சி.-யில் பிழை கிடைக்காவிட்டால் மியூட்டிஹெச் என்ற இன்னொரு மரபணுவையும் பார்க்கச் சொல்லுங்கள். அதுவும் பாலிப்புகளைத் தரும், சிலருக்கு முன்சிறுகுடலிலும் வரும். ஆனால் அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பிழையான பிரதி வந்தால்தான் நோய். மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று நெருங்கிய சொந்தத்தில் திருமணம் செய்யும் குடும்பங்களில் இரண்டு பிரதியும் ஒரே பிள்ளையிடம் சேரும் வாய்ப்பு கூடும். உங்கள் அப்பா, அம்மா உறவுக்குள் திருமணம் செய்தவர்களா என்பதையும், நீங்கள் செய்தது சொந்தத்திலா என்பதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உங்களுக்குப் பிழை இருப்பதாகத் தெரிந்தால் உடனே கொலோனோஸ்கோபி வேண்டும். மேல்குடல் எண்டோஸ்கோபியையும் தொடங்க வேண்டும், இது பொதுவாக 20 முதல் 25 வயதில் ஆரம்பிப்பது. பிள்ளைகளுக்கு 10 முதல் 12 வயதை ஒட்டிப் பரிசோதனை செய்தால் போதும், பெருங்குடலைப் பார்ப்பதும் அந்த வயதையொட்டித்தான் தொடங்கும். அதற்கு முன்பே மலத்தில் ரத்தம், அடிக்கடி வயிற்றுப்போக்கு என்றால் காத்திருக்க வேண்டாம். அடுத்த முறை மலையிறங்கும்போது அண்ணனின் பழைய அறுவை சிகிச்சை டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்ஸி ரிப்போர்ட்டுகள், கிடைத்தால் அப்பாவின் பழைய ஃபைல் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்து வாருங்கள்.